சட்டாம்பிள்ளையும் அண்ணனும்

நமது கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கழகம் வழங்கிய பரிசுகளையும் உதவித் தொகைகளையும், அதன் மாணவர் பெற்ற தேர்ச்சிகளையும் பிறர் இம்மலரில் விரித்துரைப்பர். நாம் எழுதப் புகுவது வேறொன்று. மாலை ஆறு மணிக்குக் கழகக் கூடத்தினுள் நுழைவோர் நாள்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரைத் தன்னருகே அமர்த்திக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறாள். பார்ப்பதற்கு எளிய காட்சியே. ஆயினும் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறு நம் சென்னையிலிருந்து கடல் கடந்து சென்றது. பெருமையும் சிறுமையும் ஒருங்கே உடையது. நம் இளைஞர்கள் அதனை அறிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணையும் மணலும்

பழந்தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவரே இருப்பார். பிள்ளைகளோ அரிச்சுவடி தொடங்குவோர் முதல் எண்சுவடி முடிப்போர் வரை பல நிலையினர். அனைவருக்கும் ஒருவர் கற்பிப்பது எங்ஙனம்? மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக அமர்த்துவதே அதற்குக் கண்ட வழி. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனைய பிள்ளைகள் பின்னே சொல்வர். தரையில் மணலைப் பரப்பி, சிறுவனின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பவனும் அவனே. தாளும் மையும் வேண்டாத, பொருட்செலவில்லாத கல்வி முறை இது.

1787-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகள் ஆதரவு இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்க்கும் இந்நாட்டுப் பெண்டிர்க்கும் பிறந்து ஆதரவற்று நின்ற சிறுவர் பலர் அங்கு வளர்ந்தனர். நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பெல் ஒரு நாள் கண்டார். அதனைத் தம் இல்லத்திலும் செய்யுமாறு துணையாசிரியர்களைப் பணித்தார், அவர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்னும், ஏறத்தாழ எட்டு வயதே நிரம்பிய படைவீரர் மகன் ஒருவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். துணையாசிரியர் செய்ய மறுத்ததை அச்சிறுவன் செவ்வனே செய்து காட்டினான். அதன்பின் வகுப்பு வகுப்பாகச் சிறுவரே சிறுவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு அவ்வில்லம் முழுவதும் பரவியது.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே இச்சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இத்தகைய பள்ளியைப் பெருமளவில் நடத்தினார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. பெல் 1832-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பொருளைக்கொண்டு அவருடைய சொந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பெற்ற பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது. நம் நாட்டு மணற்பரப்பில் கண்ட முறை, ஸ்காட்லாந்தில் ஒரு கல்விக்கூடத்தின் பெயராக நிலைபெற்றது. பெல்லாரி ஆட்சியராயிருந்த கேம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையிலும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதி செய்துகொள்ளும் இந்நாட்டு வழக்கம் பாராட்டத்தக்கது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் குறித்துள்ளார்.

திண்ணைக்கு வெளியே நின்றவர்

இப்பெருமையைப் பேசும்போது நாம் ஒரு வினாவையும் எழுப்பியாக வேண்டும். உலகுக்கே முறை வழங்கிய அத்திண்ணையில் நம் முன்னோரின் பிள்ளைகள் அமர்ந்திருந்தனரா?

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் தொகுக்கப்பெற்ற கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் எனத் தனித்தனிப் பத்திகள் அக்கணக்கில் உண்டு. நம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பத்தி இல்லை. 'ஏனைய சாதியார்' என்னும் பொதுப் பத்தி ஒன்றே இருந்தது. திண்ணை என்பது வீட்டின் ஒரு பகுதி. வீட்டையும் தெருவையும் நெருங்கவிடாத ஊரில் திண்ணை மட்டும் நமக்குத் திறந்திருக்குமோ?

பள்ளியின் கதவு திறந்த பின்னரும் துன்பம் தீர்ந்ததில்லை. இதற்கு நம் செங்கற்பட்டு மாவட்டம் ஈன்ற பெருந்தலைவர் இரட்டைமலை சீனிவாசனாரின் இளமையே சான்று. மதுராந்தகத்தையடுத்த கோழியாளத்தில் பிறந்த அவர் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். அங்குப் பயின்ற நானூறு பிள்ளைகளுள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். பழகினால் தம் சாதியையும் வீட்டையும் இருப்பிடத்தையும் அறிந்து தாழ்வாக நடத்துவரோ என்றஞ்சி, மணி அடிக்கும் வரை அவர் வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் எவரும் தம்மை எட்டாதவாறு விரைந்து நடந்து வீடு சேர்வார். 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதனைப் பதிவு செய்துள்ளார்.

எண்ணிப் பாருங்கள்! 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் துணிந்து தொடங்கியவர் அவர். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் மக்களுக்காகப் பேசியவர் அவர். அத்தகைய ஆற்றல் வாய்ந்தவரும் பள்ளிப் பருவத்தில் பேச்சை அஞ்சி ஓடினார். எனவே நம் பிள்ளைகளின் கூச்சம் பிறவிக்குணம் அன்று, அறிவுக்குறைவும் அன்று. அது வெளியிலிருந்து ஏற்றப்பட்ட சுமை. ஏற்றப்பட்டதை இறக்கவும் இயலும். அன்று அச்சிறுவனோடு கூட நடந்து வர ஓர் அண்ணன் இல்லை என்பதே அவருடைய குறை.

நமக்கெனப் பிறந்த பள்ளிகள்

1890-களில் நிலைமை சிறிது மாறத் தொடங்கியது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்கீர் 1891-இல் நம் மக்களின் நிலையைக் குறித்து எழுதிய அறிக்கையின் பயனாக 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றையடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. ஆல்காட் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடைபெறுகிறது.

தென்சென்னைப் பகுதியினராகிய நாம் மறக்கலாகாத மற்றொருவர் எம். சி. ராஜா. 1883-இல் பரங்கிமலையில் பிறந்து, பயின்று, பள்ளி ஆசிரியராகவே பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தவர். இழிவுப் பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று வழங்க வேண்டும் என்னும் தீர்மானத்தை 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அவரே. பிள்ளை தன் பெயரைச் சொல்லத் தலைகுனியலாகாது என்பதை ஓர் ஆசிரியர் உணர்ந்திருந்தது இயல்பேயாகும்.

அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவியபோது, அதன் முதற்பணிகளுள் ஒன்றாக 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கப்பெற்றது. வகுப்பறையில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் விடுதியில் ஒருவர்க்கொருவர் உற்ற துணையாயினர். பாடம் படித்தல் வேறு, மனிதரோடு மனிதராகப் பழகக் கற்றல் வேறு. இரண்டாவதற்கு ஒத்த வாழ்வுடைய மூத்தோரின் துணை வேண்டும் என்பதை அப்பெருமகனார் அறிந்திருந்தார்.

தெருவிளக்கின் கீழ்

தாம்பரத்திற்கு வருவோம். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்குக் குடிபெயர்ந்தது. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிகளின் கல்லுடைக்கும் தொழிலிலும், குரோம்பேட்டைத் தோல் தொழிலிலும் உழைத்தோருள் நம் மக்கள் பலர். அவர்தம் பிள்ளைகளே தம் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த தலைமுறையினர். வீட்டில் பாடம் கேட்க ஆளில்லை. பள்ளியில் கேட்கத் துணிவில்லை.

நாமும் அத்தலைமுறையின் வழிவந்தவரே. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாம் தொடக்கப் பள்ளி பயின்றபோது வீட்டில் மின்விளக்கு இல்லை. தெருமுனை விளக்கின் கீழ், கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன், பத்தாம் வகுப்பு மாணவர், எங்களைப் போன்ற அறுவர் எழுவரைக் கூட்டி வைத்துப் படிப்பிப்பார். அண்ணன் என்றே அழைப்போம். வாய்ப்பாடு கேட்பதற்கு முன் அவர் நாள்தோறும் ஒன்று செய்யச் சொல்வார். ஒவ்வொருவராக எழுந்து நின்று தன் பெயர், தந்தையின் பெயர், தெருவின் பெயர் ஆகிய மூன்றையும் குரல் தாழ்த்தாமல் உரக்கச் சொல்ல வேண்டும். தெருவின் பெயர் வரும்போது எங்கள் குரல் தானே தாழும். "மறுபடி சொல்லுடா தம்பி" என்பார். அடித்ததில்லை, நகைத்ததுமில்லை. குரல் எழும்வரை காத்திருப்பார்.

அப்போது அதன் பொருள் விளங்கவில்லை. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த அன்று, ஆசிரியர் ஒருவர் எம்மை எழுப்பி, "எந்தத் தெரு?" என்று வினவினார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவ்வினாவின் உட்பொருள் எமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். விளக்கடியில் பழகிய குரலிலேயே விடை சொன்னோம். அதன்பின் ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அண்ணன் பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் முறை கணக்கில் தவறி, மறுமுறை தேறியவர். பெரிய பதவி எதனையும் அவர் அடையவில்லை. ஆயினும் நாம் இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருப்பதற்கு அத்தெருவிளக்கே தொடக்கம்.

நாம் செய்த பிழை

இத்தகைய துணையைப் பெற்று வளர்ந்த நாமே, ஆசிரியப் பணியில் ஒரு பிழை செய்தோம். அதனை மறைப்பது முறையன்று. நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் மூத்த மாணவரைக்கொண்டு இளையோர்க்குக் கற்பிக்க முதன்முதலில் முயன்றபோது, முதல் மதிப்பெண் பெற்ற மாணவர் சிலரைத் தேர்ந்து, ஆளுக்கு இருபது பிள்ளைகளை ஒப்படைத்து, பேசுவோர் பெயரை எழுதும் அதிகாரத்தையும் வழங்கினோம். ஒரு மாதம் அமைதியாக நடந்தது. நாமும் மகிழ்ந்தோம். பிறகு மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். வீட்டிற்குச் சென்று கேட்டபோது, பெயர் எழுதாதிருக்க அவன் நாள்தோறும் தின்பண்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது தெரிந்தது. கூடத்தில் நிலவியது அமைதி அன்று, அச்சம்! நாம் உருவாக்கியது அண்ணனை அன்று, சட்டாம்பிள்ளையை.

பழைய திண்ணையிலும் இந்நோய் இருந்தது. கோலும் கோதண்டமும் ஆண்ட இடத்தில் சட்டாம்பிள்ளையும் ஆசிரியரின் கோலுக்கு நிழலாகவே விளங்கினான். இலண்டனில் லங்காஸ்டரின் பள்ளியில் குற்றம் செய்த சிறுவனைக் கூடையில் இட்டு உயரே தொங்கவிட்டனர். நம் கோதண்டத்திற்கு அது தம்பி முறை. பெல் என்பாரோ, ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூட மிகுதி என்னும் கருத்தினை ஒருகால் எழுதியவர். குறைந்த செலவில் நிறைந்த பிள்ளைகளை அடக்கி நடத்தும் கருவியாகவே செல்வர் பலர் அம்முறையைப் போற்றினர். 1846-இல் இங்கிலாந்தே பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் முறைக்கு மாறியது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் பாடம் ஒன்றே. மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்தல் ஆசிரியருக்கு மாற்று அன்று. "உங்கள் பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும்" என்று எவரேனும் கூறி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாது விடுவாராயின் அதனை நாம் ஏற்றல் ஆகாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் நம் பிள்ளைகளின் உரிமை. அண்ணனும் அக்காளும் அதற்கு மேல் வேண்டும் துணை. ஆசிரியர் பாடத்தைத் தருவார். பாடத்தைக் கேட்கும் துணிவைத் தருபவர், அதே தெருவில் அதே பாடத்தில் இடறி எழுந்த மூத்த பிள்ளையே ஆவார்.

கற்பிப்பவரே மிகுதியாகக் கற்பர்

பிழையை உணர்ந்தபின் முறையை மாற்றினோம். ஒருவர்க்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் இல்லை. பெயர் எழுதுவதும் தண்டிப்பதும் ஏவல் கொள்வதும் இல்லை. முதல் மதிப்பெண் பெறுவோரை மட்டும் தேர்வதும் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இரண்டு ஆண்டுகளாக வகுப்பில் அவள் குரலை எவரும் கேட்டதில்லை. படிப்பதில் தடுமாற்றம் உண்டு. அவளிடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் பணியைத் தந்தோம். பிள்ளைகளின் முன் தடுமாறக் கூடாதே என்று முதல்நாளே வீட்டில் மும்முறை படித்து வந்தாள். இளைய பிள்ளைகளுக்கு அவளுடைய மதிப்பெண் தெரியாது. அவள் 'அக்கா' என்பதொன்றே தெரியும். சில திங்களில் அவள் தன் வகுப்பிலும் கை உயர்த்தி வினாக் கேட்கத் தொடங்கினாள். இதில் வியப்பில்லை. தாழ்ந்தவள் என்று பலமுறை கேட்ட செவி, 'அக்கா' என்று பலமுறை கேட்டால் முதுகெலும்பு நிமிரத்தானே செய்யும்?

2021-ஆம் ஆண்டு அக்டோபரில், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தின் இழப்பை ஈடு செய்யத் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை மரக்காணத்தையடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கியது. தன்னார்வலர் பலர் தம் வாழ்விடங்களிலேயே மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். தெருவிளக்கின் கீழ் நம் மக்கள் நெடுங்காலம் செய்ததன் பயனை அரசும் கண்டது எனலாம்.

இளைஞர்களுக்கு

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. வயல்கள் இருந்த இடங்களில் அடுக்ககங்கள் நிற்கின்றன. 'எந்தத் தெரு?' என்னும் வினா மட்டும் மறையவில்லை; சொற்களை மாற்றிக்கொண்டு வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவரை உடன்பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். அதன்பின் அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளியில் ஒரு மாணவன் மற்றொருவனுக்கு அரணாகவும் ஆகலாம், அரிவாளாகவும் ஆகலாம் என்பதை நாடு கண்டுவிட்டது. எதுவாக ஆவது என்பது அவன் இளமையில் பழக்கப்பட்ட வகையைப் பொறுத்தது.

ஆகவே கழகத்தின் இளைஞர்களே, மாணவ மணிகளே! ஒவ்வொருவரும் நான்கு பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். கல்லூரியில் சேர்ந்தவர் தெருவை மறவாதீர். வேலை கிடைத்தவர் வாரத்தில் ஒரு மாலையேனும் வாருங்கள். உங்கள் படிப்பு கெடும் அளவிற்கு எவரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் போதும். பெற்றோரே, கற்பிக்க வரும் பெண்பிள்ளையை வீட்டு வேலையைக் காட்டித் தடுக்காதீர். அவளுக்கும் அது பள்ளியே. கோல் வேண்டாம், ஏளனம் வேண்டாம், கைம்மாறு வேண்டாம். எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவதற்கு முன், பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். தன் பெயரையும், பெற்றோர் பெயரையும், தெருவின் பெயரையும் குரல் தாழாமல் சொல்லச் சொல்லுங்கள். குரல் எழும்வரை பொறுத்திருங்கள்.

கோழியாளத்துச் சிறுவர் பள்ளி விட்டதும் தனியே விரைந்து ஓடினார். இனி நம் பிள்ளை எவரும் தனியே ஓட வேண்டுவதில்லை. உடன் நடக்க அண்ணனும் அக்காளும் உளர் என்னும் நிலையை இக்கழகம் தன் பொன்விழாவிற்குள் ஒவ்வொரு தெருவிலும் உண்டாக்குமாக!